கடிக்காது, கவ்வும்

அனுமந்தன்பட்டியில் மாடு வைத்திருந்தவர்கள் காலையில் கயிற்றை அவிழ்த்து, மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டித் தெருவில் விட்டுவிடுவார்கள். அது தானாகவே ஊர்க்கோடியில் இருக்கும் மந்தை வெளிக்குப் போய் நிற்கும். அங்கே மொக்கம்மாள் கம்போடு நிற்பாள். எல்லா வீட்டு மாடும் வந்து சேர்ந்ததும் கரட்டுப் பக்கம், அந்தக் கல்குன்றுச் சரிவில் மேயப் பத்திக்கொண்டு போவாள். பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுவந்து விடுவாள். பிறகு ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வருவாள். மாடு விட்ட வீட்டில் ஒரு கரண்டி சோறோ களியோ போட வேண்டும். அறுவடை முடிந்தால் களத்தில் கொஞ்சம் நெல் அளப்பார்கள். கூலி அவ்வளவுதான்.

அது அவள் புருஷன் அழகுமலை பார்த்த வேலை. கரட்டில் பாம்பு கடித்து அவன் செத்ததும், "ஆம்பளை ஆளு கெடைக்கிற வரைக்கும் நீ பாரு" என்று ஊர் சொன்னது. அந்த வரைக்கும் என்பது எப்போது முடியும் என்று தெரியாமலே அவளுக்கு ஐந்தாறு வருஷம் ஓடியிருந்தது. பிள்ளை இல்லை. நிலம் இல்லை. மந்தை ஓரத்தில் ஒரு குடிசை. ஒரு காளை தூக்கிப் போட்டதில் இடுப்பு சரிந்து, வலது காலை இழுத்துத்தான் வைப்பாள். மந்தை போனால் அவளுக்குச் சோறு இல்லை. இது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். வடக்கே சில வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்ததில் வீட்டில் கால் தரிக்கவில்லை. எங்கள் மாட்டோடு பல நாள் நானும் கரட்டுக்குப் போனேன். இங்கே எழுதுவதில் பாதி நான் பார்த்தது, மீதி மொக்கம்மாள் சொன்னது.

கரட்டுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளாமை. ஒரு பக்கம் நெல், இன்னொரு பக்கம் திராட்சைப் பந்தல். ஒரு மாடு வயலில் வாய் வைத்தால் வயல்காரர் பிடித்துக்கொண்டு போய்ப் பவுண்டு என்கிற சர்க்கார் பட்டியில் அடைத்துவிடுவார். மாட்டுக்காரர் அபராதம் கட்டி மீட்டுவர வேண்டும். அன்றைக்கு அந்த வீட்டில் மொக்கம்மாளுக்குக் கரண்டி எழும்பாது. இழுக்கிற காலோடு அவள் எத்தனை மாட்டை மறித்து ஓட முடியும்?

நாய் வந்தது அப்போதுதான். கம்பத்திலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர் ஒருவர் அதை எங்கள் ஊர் டீக்கடையில் கொண்டுவந்து விட்டார். தாய், தோட்டத்து மேனேஜர் பங்களாவில் வளர்ந்த சடை நாய். ஆடு மடக்கவென்றே வெளிநாட்டில் உண்டாக்கிய ஜாதி. தகப்பன், பங்களா கேட்டுக்கு வெளியே கிடந்த ஏதோ ஒன்று. கலப்புக் குட்டி வேண்டாம், ஆற்றில் போட்டுவிடு என்று மேனேஜர் கொடுத்ததில் ஒன்றை மட்டும் இவர் வைத்துக்கொண்டார். வளர்ந்து வீட்டுக் கோழிகளையெல்லாம் மூலையில் ஒதுக்கி நிறுத்த ஆரம்பித்ததும், அவர் மனைவி விரட்டிவிட்டாள். கறுப்பும் வெள்ளையுமாக, அரைச் சடையோடு இருந்த அதற்கு டீக்கடையில் தொரை என்று பேர் வைத்தார்கள்.

"ஆத்தா சீமை, அப்பன் தெரு. பேரு மட்டும் தொரையாக்கும்" என்றார் கடைக்காரர். மாடுகளைக் கண்ட நாளிலிருந்து அது மந்தையோடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் மாடு மேய்க்கிறவர்களின் நாய் என்றால் கூடவே படுத்துக் கிடக்கும். வேற்றாள் வந்தால், நரி வந்தால் குரைக்கும். சத்தமே போடாமல், வயிறு தரையில் உரச மாட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற நாயை யாரும் பார்த்ததில்லை. கடிக்கப் பாய்கிற நாய்தான் அப்படி ஓடும். ஊர் அப்படித்தான் நினைத்தது. மொக்கம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். முதலில் கம்பால் அடித்தாள். நிற்கவில்லை. பிறகு, கட்டுக்கடங்காமல் ஓடுகிற மாட்டுக்குச் செய்வதைப் போல அதன் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிட்டாள். ஓட ஓடக் கட்டை முன்னங்கால் முட்டியில் இடிக்கும். முட்டி இரண்டும் தோலுரிந்து ரத்தம் வழிந்தது. அப்போதும் அது ஓடியது.

ஒரு நாள் எங்கள் மாடு நெல்லுக்குள் இறங்கிவிட்டது. மொக்கம்மாள் வரப்பில் ஏறுவதற்குள் அந்த நாய் கட்டையோடு அரை வட்டம் சுற்றி முன்னால் போய், மாட்டின் பின்னங்காலைக் குளம்புக்கு மேலே ஒரு பிடி பிடித்தது. மாடு துள்ளித் திரும்பி மந்தைக்குள் ஓடியது. மொக்கம்மாள் பதறிப் போய் அதன் காலைத் தூக்கிப் பார்த்தாள். எச்சில் ஈரம் இருந்தது. பல் தடம் இல்லை.

அன்றைக்குக் கட்டையை அறுத்து எடுத்து, அதையே அடுப்பில் வைத்து உலை கொதிக்கவிட்டாள்.

அதற்காக நாயின் மேல் அவள் ஆசையாக இருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். தான் தின்று மிஞ்சினால் போடுவாள். மிஞ்சாத நாளில் அது சட்டியை நக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் வந்து உரசினால் காலால் தள்ளுவாள். நான் ஒரு முறை அதன் தலையைத் தடவியபோது, "பழக்காத தாயி. அது என்ன பிள்ளையா, கொஞ்சுறதுக்கு? அது என் காலு" என்றாள்.

டீக்கடை இளவட்டங்களுக்கு அது வேடிக்கைப் பொருள். ஆட்டுக்குட்டிகளை நாலு திசையிலும் துரத்திவிட்டு, நாய் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடி ஓடி ஒன்று சேர்ப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சேர்த்து முடித்ததும் மறுபடியும் துரத்துவார்கள். நாக்குத் தள்ளி அது கீழே விழுகிற வரைக்கும் நடக்கும்.

கர்ணன் அந்த வருஷம் ஏலத்தோட்டத்து வேலை போய் ஊருக்கு வந்து சேர்ந்தான். அழகுமலைக்குச் சித்தப்பா மகன். கையில் வேலை இல்லை, கண்ணுக்கு முன்னால் மந்தை இருந்தது. தினமும் பாதையில் நின்று வம்பு இழுப்பான்.

"மதினி, மாட்டை நீ மேய்க்கிறியா, ஒன்னைய அந்த நாய் மேய்க்குதா?"

"எல்லாத்தையும் அதுதான் மேய்க்குது. நீயும் வந்து ஓரமா நில்லு, பத்திட்டுப் போகட்டும்."

ஊர்க்காரியம் பார்க்கிற பால்பாண்டி வீட்டுச் சினைப்பசு ஒரு நாள் சாயங்காலம் நன்றாக வீட்டுக்குப் போனது. விடிந்து பார்த்தால் குறைமாதத்தில் கன்று வீசியிருந்தது. செத்த கன்று. பசுவின் பின்னங்காலில் முள் கீறின மாதிரி ஒரு கோடு. பால்பாண்டியின் மனைவி ஜக்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். போகிற போக்கில் எட்டிப் பார்த்த கர்ணன், "நாய்க்கடி மாதிரியில்ல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மத்தியானத்துக்குள் தொரை கடித்துத்தான் கன்று போனது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

சாவடியில் கூட்டம் போட்டார்கள். மொக்கம்மாளைக் கீழே நிற்க வைத்துப் பால்பாண்டி கேட்டார். "கடிச்சுச்சா, கடிக்கலையா? அதை மட்டும் சொல்லு."

"கடிக்கல அய்யா. கவ்வுச்சு."

கூட்டம் சிரித்தது.

"கவ்வுறதுன்னா எப்படி மதினி? முத்தம் குடுக்குறதா?" என்றான் கர்ணன்.

"தாய் நாய் குட்டியைத் தூக்கிட்டுப் போகுமே, அது மாதிரி. பல்லு படும், பதியாது. எந்த மாட்டுக் காலை வேணும்னாலும் பாத்துக்கிடுங்க. அது கடிக்காது, கவ்வும்."

"எங்க மாடு என்ன அது போட்ட குட்டியா?" பெண்கள் பக்கத்திலிருந்து ஜக்கம்மா கேட்டாள். "கவ்வுனதுக்கா கன்னு வீசும்?"

பால்பாண்டி கையை உயர்த்தினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. யார் பேசினாலும் கேட்டு, அவர்கள் சொன்னதிலிருந்தே தீர்ப்பை எடுத்துக் கொடுப்பவர் என்று அவருக்குப் பேர்.

"மொக்கம்மா சொல்றதை நாம நம்புவோம். நாயைக் கொல்லணும்னு நான் சொல்லல. அவளும் பொழைக்கணும். கவ்வத்தான் செய்யும்னா அதுக்குப் பல்லு எதுக்கு? பல்லை எடுத்துரட்டும். பெறகு அது பாட்டுக்குக் கவ்விக்கிட்டுத் திரியட்டும், ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். அது முடியாதுன்னா மந்தையைக் கர்ணன்ட்ட விட்டுட்டு ஒதுங்கிக்கிடு."

நியாயம்தானே என்று சாவடியில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மொக்கம்மாள் தான் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி தெரியாமல் நின்றாள். கடித்தது என்று சொன்னால் நாய் போகும். கவ்வியது என்றால் பல் போகும்.

"எடுக்கிறது யாரு?" என்றாள் கடைசியில்.

"நாயி யாருது?"

"என்னுது."

"அப்புறமென்ன."

மறுநாள் காலையில் மாடுகள் வந்து சேர்ந்த பிறகு, மந்தையிலேயே அது நடந்தது. கொல்லன் பட்டறையிலிருந்து ஒரு குறடு வாங்கி வந்திருந்தாள். நாலு காலையும் சேர்த்துக் கட்டி நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். அதுவரை அவள் என்ன செய்தாலும் அது விட்டுக்கொடுத்துத்தான் கிடந்தது. பிடித்துக்கொள்ள யாரும் முன்னால் வரவில்லை. கர்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். "மதினி ஒத்தையில செரமப்படும்ல."

வாய்க்குக் குறுக்கே ஒரு வேப்பங்கம்பைக் கொடுத்து, கர்ணன் தாடையைப் பிடித்துக்கொண்டான். மொக்கம்மாள் கோரைப்பல் ஒன்றைக் குறட்டால் பிடித்து, ஆட்டி, முறுக்கி இழுத்தாள். நாய் கத்திய கத்தலில் மாடுகள் மிரண்டு விலகின. பல் வந்தது. அதே நேரத்தில் நாய் உடம்பை உதறியதில் கம்பு தெறித்துவிட்டது. வாய் மூடிக்கொண்டது. கர்ணனின் மணிக்கட்டு வாய்க்குள் இருந்தது.

கர்ணன் முகம் செத்துப்போய்விட்டது. கையை இழுக்கவும் பயம். நாயின் வாயோரம் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் உடம்பு முழுவதும் நடுங்கியது. மீதி மூன்று கோரைப்பல்லும் அப்போது அதன் வாயில்தான் இருந்தன. அது கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தது. பிறகு வாயைத் திறந்து விட்டது.

கர்ணன் கையைத் துண்டால் துடைத்தான். எச்சிலும் நாயின் ரத்தமும் போனதும் தோல் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

எல்லாரும் பார்த்தார்கள். பால்பாண்டி பார்த்தார். ஜக்கம்மா பார்த்தாள். மொக்கம்மாள் ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தாள். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும்.

"மாடு நிக்குதுல்ல" என்றார் பால்பாண்டி. "சட்டுன்னு ஆகட்டும்."

மொக்கம்மாள் கீழே கிடந்த கம்பை எடுத்து மறுபடியும் வாய்க்குள் கொடுத்தாள். இந்தத் தடவை கர்ணன் கையைத் தள்ளி வைத்துப் பிடித்தான். மீதிக் கோரைப்பற்களையும், முன்வரிசைப் பற்களையும் எடுத்து முடித்தாள். பற்களைக் குப்பைமேட்டில் வீசினாள். கயிற்றை அவிழ்த்ததும் நாய் எழுந்து, தள்ளாடி, இரண்டு முறை தும்மியது. மாடுகள் கலைந்து நிற்பதைப் பார்த்ததும் சுற்ற ஆரம்பித்தது. அன்றைக்கும் மந்தை கரட்டுக்குப் போனது. பாதையில் புழுதியில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்துகொண்டே வந்தது.

மாடுகளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. முதலில் புரிந்துகொண்டது பால்பாண்டி வீட்டுப் பசு. நாய் காலைப் பிடித்தபோது அது ஈயை உதறுவது போல உதறிவிட்டு நடந்தது. அடுத்த முறை விலாவில் ஒரு உதை விட்டது. நாய் எழுந்திருக்க நேரமாயிற்று. பிறகு எல்லா மாடும் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டன. நெல் கதிர் பிடித்திருந்த சமயம், ஒரு நாள் அரை மந்தை வயலில் இறங்கிவிட்டது. மொக்கம்மாள் வரப்பில் விழுந்து எழுந்து கத்திக்கொண்டிருக்கும்போதே, ராயப்பன்பட்டிக்கார வயல்காரர் ஆட்களைக் கூட்டிவந்து மாடுகளை மடக்கிப் பவுண்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"பல்லில்லாத நாயை வச்சுக்கிட்டு ஊர் மாட்டை எப்படி மேய்ப்ப?" என்று பால்பாண்டி கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். யாரும் சிரிக்கவும் இல்லை. மந்தை கர்ணன் கைக்குப் போனது.

மொக்கம்மாள் களை எடுக்கப் போனாள். சேற்றில் குனிந்தால் இடுப்பு நிமிராது. வரிசையில் பின்தங்குவாள். "ஏ மொக்கம்மா, நீ எடுத்து முடிக்கிறதுக்குள்ள களையே அறுவடைக்கு வந்துரும்" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

நாய் அவளோடு இருக்கவில்லை. கர்ணன் மந்தையை எடுத்த முதல் நாளே அது மாடுகளோடு போய்விட்டது. குடிசை வாசலில் நின்று அவள் கூப்பிட்டாள். அது நின்றது, திரும்பிப் பார்த்தது, போய்விட்டது. கர்ணன் கல்லால் அடித்தான். ஒதுங்கி ஒதுங்கிச் சுற்றியது. பிறகுதான் அவனுக்கு லாபம் தெரிந்தது. நீளக் கால், கையில் சாட்டை. நாய் முன்னால் போய் மறித்தால் போதும், பின்னால் வந்து அவன் ஒரு வீச்சு வீசிவிடுவான். ஒரு மாடுகூட வயல் பக்கம் திரும்பவில்லை. பொழுது சாய்ந்ததும் நாய் சோற்றுக்கு மொக்கம்மாள் வாசலுக்கு வந்து நிற்கும்.

"நீ ஒரு வாய் போடக்கூடாதாடா?" என்று நான் கர்ணனைக் கேட்டேன்.

"மதினி வீட்டு நாய்க்கு நான் எதுக்குப் போடணும்? மதினி கோவிச்சுக்கிடும்" என்றான்.

ஜக்கம்மா அவன் சட்டியில் சோறு போடும்போது, எதிரே போய்க்கொண்டிருந்த மொக்கம்மாளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஏண்டி, அந்த நாய்க்கு இருக்கிற ரோஷங்கூட ஒனக்கு இல்லையே. அது விடிஞ்சா வேலைக்குப் போகுது. நீ குடிசைக்குள்ள கெடக்க."

மொக்கம்மாள் காலை இழுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனபோது என்னிடம் சொன்னாள். "அது என் நாயி இல்ல தாயி. அது மாட்டுக்கு நாயி. மாடு யாரு பின்னால போனாலும் அது மாடு பின்னாலதான் போகும்."

கயிற்றில் கட்டிப் பார்த்தாள். இழுத்து இழுத்துக் கழுத்துத் தோல் உரிந்து, எப்படியோ தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. குடிசைக்குள் அடைத்துப் பார்த்தாள். கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

ஒரு நாள் காலையில், மாடுகள் மந்தைக்கு வந்துகொண்டிருந்த நேரம், நாய் கத்துகிற சத்தம் கேட்டு நான் ஓடினேன். குடிசைக்குள் அம்மி மேல் ரத்தம் இருந்தது. பக்கத்தில் குழவி கிடந்தது. மொக்கம்மாள் நாயை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் முன்னங்காலுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் பத்தையை வைத்துப் பழைய சேலைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். நாயை அவள் மடியில் வைத்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"யாரு உடைச்சது?"

"நாந்தான்."

"நீங்களே உடைச்சிட்டு நீங்களே கட்டுறீங்களா?"

"வேற யாரு வந்து கட்டுவாக?" முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். "இனிமே கர்ணனுக்கு அவன் காலு மட்டுந்தான்."

அவள் போட்ட கணக்குத் தப்பவில்லை. நாய் இல்லாமல் கர்ணனால் இரண்டு பக்கமும் பார்க்க முடியவில்லை. ஒரு பக்கம் சாட்டையைச் சுழற்றினால் மறு பக்கம் மாடு இறங்கியது. பவுண்டுக்கு நடையாக நடந்த மாட்டுக்காரர்கள் அவனைத் திட்டினார்கள். வயல்காரர் ஒருவரோடு கைகலப்பும் ஆயிற்று. ஒரு நாள் காலையில் மாடுகள் மந்தையில் நிற்கின்றன, ஆள் இல்லை. அவன் கம்பத்தில் ஜீப் ஏறித் திரும்பவும் தோட்டத்துக்கே போய்விட்டிருந்தான்.

பால்பாண்டி மொக்கம்மாள் வாசலுக்கு வந்தார். "நீயே பாரு" என்றார்.

"ஆம்பளை ஆளு கெடைக்கிற வரைக்குமா அய்யா?"

"ஒனக்கு முடியிற வரைக்கும் பாரு. நாய் மட்டும் மந்தையோட வரக்கூடாது. அதை எங்கனயாவது கட்டிப் போட்டுரு."

"கட்டித்தான் கெடக்கு" என்றாள் அவள்.

சரிந்த இடுப்போடு அவள் மறுபடியும் அந்தப் பாதையில் இறங்கினாள். மாடு திரும்புவதற்கு முன்பே அது திரும்பப் போவதைத் தெரிந்துகொண்டு கல்லெறிவாள். குரல் போகும்வரை கத்துவாள். விழுவாள். ஆனால் பொழுது சாய்ந்தால் சட்டியோடு தெருவில் வந்து நின்றாள், வீட்டுக்கு ஒரு கரண்டி விழுந்தது.

நாயின் கால் கோணலாகக் கூடியது. வாசலில் முளையடித்துக் கட்டிப் போட்டிருந்தாள். மாடுகள் ஒவ்வொன்றாக மந்தைக்கு வரும்போது அது வயிற்றைத் தரையில் வைத்து, தலையைத் தாழ்த்தி, அவற்றைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். வேறு எதுவும் செய்யாது. முன்னெல்லாம் சீக்கிரம் வந்த மாடுகள், மற்றவை வருவதற்குள் குப்பைமேட்டுப் பக்கமும் தெருப் பக்கமும் கலைந்துவிடும். இப்போது அவை நின்றன. ஒரு மாடு காலை எடுத்து வைத்தால் நாயின் தலை அந்தப் பக்கம் திரும்பும். மாடு காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். மொக்கம்மாள் இதைக் கவனித்துவிட்டாள். முளையைப் பிடுங்கி, மந்தை முழுவதும் அதன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து அடித்தாள். அதன் பிறகு காலையில் அவளால் உட்கார்ந்து கஞ்சி குடிக்க முடிந்தது. நாய் மாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

ஜக்கம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. "எங்க மாட்டையே மொறைச்சுக்கிட்டுக் கெடக்கு. அது பாத்துப் பாத்துத்தான் பால் வத்துது" என்று கிணற்றடியில் ஆரம்பித்தாள். இரண்டு மூன்று வீட்டுக்காரிகள் தங்கள் மாடும் பால் குறைந்துவிட்டது என்றார்கள். பால்பாண்டி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நாய் பார்க்கிற பார்வை சரியில்லையாம், ஏதாவது செய்யச் சொன்னாராம்.

"பாக்குறதா தப்பு?" என்று வந்த ஆளிடம் கேட்டாள் மொக்கம்மாள்.

"ஆமா."

அவள் குடிசைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் நான் எங்கள் மாட்டைப் பத்திக்கொண்டு போனபோது நாய் அதே முளையில்தான் இருந்தது. தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக் கழுத்தில் சணலால் கட்டியிருந்தாள். மாடுகள் கண்டபடி கலைந்து நின்றன. மொக்கம்மாள் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு ஓடி ஓடி அவற்றை மடக்கினாள். ஒரு வழியாக மந்தை நகர்ந்தது. அவள் குடிசைப் பக்கம் திரும்பாமல் மாடுகளை எண்ணிக்கொண்டே போனாள். குளம்புச் சத்தம் போகிற திசையில் சாக்கு மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தது. கடைசி மாடும் பாதையில் இறங்கிய பிறகு, கரட்டைப் பார்த்து அப்படியே நின்றது.